எதிர்த்தவர் வாங்கிக் கொடுத்த வெற்றி

1893. நியூசிலாந்து நாடாளுமன்றம். முன்னாள் பிரதமர் சர் ஜான் ஹால் தடிமனான காகிதச் சுருள் ஒன்றை அவைக்குள் கொண்டுவந்து, நுனியைப் பிடித்துக்கொண்டு தரையில் உருட்டிவிட்டார். அது உருண்டோடிப் போய் எதிர்க்கோடியில் தொம்மென்று முட்டி நின்றது. உள்ளே இருந்தது ஒரு துடைப்பக் கட்டை! அதில் சுற்றியிருந்தது பெண்கள் வாக்குரிமை கேட்டு எழுதிய மனு. முழுக்கப் பிரித்தால் சுமார் 270 மீட்டர் நீளம்.

கிறைஸ்ட்சர்ச் நகரில் கேட் ஷெப்பர்டின் வீட்டில் ஒட்டப்பட்ட சுருள் அது. ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிய தாள்கள் அங்கே வந்து சேர, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பசை தடவி ஒட்டினார்கள். 1891-ல் 9,000 சொச்சம், மறு ஆண்டு 20,000-ஐ நெருங்கி, 1893-ல் எல்லா மனுக்களிலுமாக ஏறத்தாழ 32,000 கையெழுத்து.

கேட் ஷெப்பர்ட் மதுவிலக்குச் சங்கத்துக்காரர். குடியால் சீரழியும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சங்கத்துப் பெண்கள் வாக்குரிமைக்கே வந்தார்கள். சாராய வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மதுக்கடைகளிலேயே எதிர்மனு வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பிரதமர் ரிச்சர்ட் செடனும் ஒரு காலத்தில் மதுக்கடை நடத்தியவர்தான்.

கீழவையில் மசோதா நிறைவேறியது. மேலவை எப்படியும் கவிழ்த்துவிடும் என்று செடன் நம்பினார். முன்பும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இம்முறை கணக்கு இழுபறி. உடனே தன் கட்சி உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, ஆதரவாக இருந்தவரை எதிர்ப்பக்கம் திருப்பினார். விஷயம் வெளியே கசிந்தது. அதுவரை மசோதாவை எதிர்த்துவந்த எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இருவருக்கு வந்ததே கோபம்! செடனின் மூக்கை உடைப்பதற்காகவே மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 20-க்கு 18. செப்டம்பர் 8-ல் நிறைவேறியது. 19-ல் ஆளுநர் கையெழுத்திட்டார். மாவோரிப் பெண்களுக்கும் சேர்த்தே வாக்குரிமை வந்தது.

செடன் அன்று வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்திருந்தால் மசோதா தோற்றிருக்கலாம். அதற்காக இதை அதிர்ஷ்டம் என்று நான் எழுத மாட்டேன். இரண்டே வாக்கில் தலைகீழாகிற நிலைக்கு மேலவையைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த மனுக்கள்தான்.

தேர்தலுக்கு இருந்தது பத்து வாரம். அதற்குள் 1,09,461 பெண்கள் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அவர்களில் 90,290 பேர் வாக்களித்தார்கள். ஆனால், தேர்தலில் நிற்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இல்லை. அது 1919-ல்தான் வந்தது. முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் மெக்கோம்ப்ஸ் அவைக்குள் நுழைந்தபோது ஆண்டு 1933.