இரண்டாண்டு எல்லை: அமெரிக்கப் பொது உயர்நிலைப் பள்ளிகளில் பிறமொழிக் கல்வியின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் அல்லாத மொழிகளைக் கற்பிக்கும் பாடத்துறை இன்று 'உலக மொழிகள்' என்று வழங்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதற்கு 'அயல்மொழிகள்' என்பதே பெயர். பெயரோடு, முதன்மை பெற்ற மொழிகளின் வரிசையும் மாறியது. கற்பிக்கும் முறை பலமுறை மாறியது. பெரும்பாலான மாணவர்க்குக் கிடைத்த கால அளவு மட்டும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டவில்லை. இத்துறையின் வரலாறு பொதுவாக இலக்கண மொழிபெயர்ப்பு முறை, வாசிப்பு முறை, கேட்டல் பேசல் முறை, கருத்துப் பரிமாற்ற முறை எனக் கற்பித்தல் முறைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரிசை தவறன்று. எனினும், அது காலக்கணக்கைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. அக்கணக்கை முன்னிறுத்தி இவ்வரலாற்றை மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலகின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உயர்நிலைப் பள்ளி மொழிக்கல்வி என்பது பெரிதும் இலத்தீன் கல்வியே. 1890இல் பொது உயர்நிலைப் பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் இலத்தீன் கற்றனர். 1910இல் அது பாதியை ஒட்டி உயர்ந்திருந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் 'தற்கால மொழிகள்' என்ற பெயரில் அதன் பக்கத்தில் இடம்பெறப் போராடிக்கொண்டிருந்தன.

1892இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் அமைக்கப்பட்ட பதின்மர் குழு உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தை ஒழுங்குபடுத்த முற்பட்டது. அதன் தற்கால மொழிப் பிரிவினர், ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழியைப் பத்து வயதளவில் தொடக்கப் பள்ளியிலேயே விருப்பப் பாடமாகத் தொடங்கலாம் எனப் பரிந்துரைத்தனர். அப்பரிந்துரை பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. மொழிக்கல்வி எப்போது தொடங்க வேண்டும் என்ற வினாவை அத்துறையினர் தொடக்கத்திலேயே சரியாக எழுப்பியிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

காலத்தை உண்மையில் வரையறுத்தது வேறொரு நிகழ்வு. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க நிறுவப்பட்ட கார்னகி அறக்கட்டளை, எந்தக் கல்லூரி அதற்குத் தகுதியுடையது என்று முடிவு செய்ய ஓர் அளவுகோலைத் தேடியது. மாணவரைச் சேர்க்கும்போது உயர்நிலைப் பள்ளியில் 14 'அலகு' படித்திருக்க வேண்டும் எனக் கேட்கும் கல்லூரியே உண்மையான கல்லூரி என்று அது கொண்டது. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் 120 மணி நேர வகுப்பு. ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த இவ்வளவை நாடு முழுவதும் பள்ளிகளின் நாணயமாயிற்று. அதன்பின் மொழியறிவு என்பது மாணவனால் என்ன படிக்க, பேச முடியும் என்பதால் அன்றி, எத்தனை அலகு முடித்தான் என்பதால் அளக்கப்பட்டது. கல்லூரிகள் பல ஒரு மொழியில் இரண்டு அலகு போதும் என ஏற்றமையால், பள்ளிகளும் இரண்டோடு நிறுத்திக்கொண்டன.

போரும் ஜெர்மன் மொழியும்

ஒகையோ மாநிலம் 1839இலேயே பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிக்கச் சட்டவழி அனுமதி அளித்தது. சின்சினாட்டி நகரில் அடுத்த ஆண்டே வகுப்புகள் தொடங்கின. குடியேறியோரின் வாக்கு வலிமை இதன் பின்னணியாகும். 1915இல் நாட்டின் பொது உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் ஜெர்மன் கற்றனர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. 1922இல் அவ்விழுக்காடு ஒன்றுக்கும் கீழே விழுந்திருந்தது. ஒரு பாடம் ஏழே ஆண்டுகளில் இவ்வாறு அழிந்ததற்கு நிகரான எடுத்துக்காட்டு அந்நாட்டின் பாடத்திட்ட வரலாற்றில் காண்பதரிது.

நெப்ராசுகா மாநிலம் 1919இல் இயற்றிய சட்டம் இக்கட்டுரைப் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. எந்தப் பள்ளியிலும், பொதுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் சமயப் பள்ளியாயினும், ஆங்கிலம் தவிர்ந்த மொழியில் எப்பாடத்தையும் கற்பித்தலாகாது. எட்டாம் வகுப்புத் தேறிய பின்னரே பிறமொழியைக் கற்பிக்கலாம் என்றது அச்சட்டம். லூத்தரன் பள்ளி ஆசிரியர் இராபர்ட் மேயர், 1920இல் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிப்புக் கற்பித்தமைக்காக 25 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923 ஜூன் 4 அன்று, ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. கற்பிக்கும் ஆசிரியரின் உரிமையும், தம் பிள்ளைக்கு எது வேண்டும் எனத் தீர்மானிக்கும் பெற்றோரின் உரிமையும் பதினான்காம் சட்டத்திருத்தம் காக்கும் சுதந்திரத்துள் அடங்கும் என்பது நீதிபதி மெக்ரெனால்ட்சின் நிலைப்பாடு. கருத்துரிமையின் காவலர் எனப் போற்றப்படும் நீதிபதி ஹோம்ஸ் மறுதரப்பில் நின்றார். இளமையில் ஆங்கிலம் மட்டுமே கேட்டுப் பழக வேண்டும் என்பது அறிவுடையோர் முயன்று பார்க்கத்தக்க ஒன்றே என அவர் கருதினார். இது வியப்பளிப்பதாயினும், அக்காலத்து நல்லெண்ணம் கொண்டோரிடையேயும் அவ்வச்சம் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

தீர்ப்பு உரிமையை மீட்டது, வகுப்பறையை மீட்கவில்லை. 1928இலும் ஜெர்மன் கற்றோர் இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை. ஜெர்மன் விட்ட இடத்தில் ஸ்பானியமும் பிரெஞ்சும் வளர்ந்தன. இதைவிட நீடித்த விளைவு வேறு. செல்லாதாகிப்போன சட்டம் வகுத்த வயது வரம்பை நடைமுறை தானே ஏற்றுக்கொண்டது. பதினான்கு வயதில் தொடங்கிப் பதினாறில் முடியும் பாடமாகவே பிறமொழி நிலைபெற்றது.

கோல்மனின் கணக்கு

கார்னகி நிதியுதவியுடன் 1924இல் தொடங்கிய தற்கால அயல்மொழி ஆய்வின் முடிவுகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆல்ஜெர்னான் கோல்மன் 1929இல் தொகுத்து வெளியிட்டார். மாணவருள் பெரும்பாலோர் இரண்டாண்டுகளுக்கு மேல் மொழி பயில்வதில்லை. அக்கால அளவில் பேச்சுத்திறன் எய்துதல் இயலாது. ஆதலால் வாசிப்புத்திறன் ஒன்றையே குறிக்கோளாகக் கொள்ளுதல் நேர்மையானது என்பது அவர் வாதம். ஏறக்குறைய இதே ஆண்டுகளில், டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் வங்காள மாணவரின் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்து, இடையில் படிப்பை விடுவோர்க்கும் பயன் எஞ்ச வேண்டுமானால் வாசிப்பையே முன்வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். குடியேற்ற நாட்டு வகுப்பறையும் செல்வ நாட்டு வகுப்பறையும் ஒரே குறையிலிருந்து ஒரே முடிவுக்கு வந்தமை தற்செயல் அன்று.

பிற்காலத்தார் கோல்மன்மீது கடும் பழி சுமத்தினர். அமெரிக்கர் பிறமொழி பேச இயலாதவராய்ப் போனமைக்கு அவர் அறிக்கையே காரணம் என்றனர். அப்பழி பொருந்துவதாகத் தோன்றவில்லை. இத்துறையில் எழுதியோருள் கடிகாரத்தைப் பார்த்து எழுதியவர் அவர். இரண்டாண்டு என்பதை மாற்றவியலாத இயற்கை நியதியாகக் கொண்டு, குறிக்கோளை அதற்கேற்பக் குறைத்தமையே அவரது குறை எனலாம்.

படைமுகாமிலிருந்து பள்ளிக்கு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943இல் தொடங்கிய படைவீரர் சிறப்புப் பயிற்சித் திட்டத்தின்கீழ்ப் பல்கலைக்கழகங்களில் மொழிகள் கற்பிக்கப்பட்டன. மொழியியலாளர் ஒருவரும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரும் இணைந்து சிறு குழுக்களுக்குப் பயிற்சி அளித்தனர். சில மாதங்களிலேயே வீரர்கள் பேசக் கற்றனர் என்ற செய்தி நாளேடுகளில் பரவியது. பள்ளித்துறையினர் அதனை முறையின் வெற்றியாகக் கண்டனர். ஆயின், அவ்வீரர்கள் வாரந்தோறும் பதினைந்து மணி அளவில் வகுப்பிலும் அதனினும் மிகுதியான நேரம் தனிப்பயிற்சியிலும் கழித்தனர். பள்ளி மாணவனுக்குக் கிடைத்ததோ வாரத்துக்கு நான்கு மணி. முறை பள்ளிக்கு வந்தது, நேரம் வரவில்லை.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், 1958 செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அறிவியல், கணிதம் ஆகியவற்றோடு பிறமொழியும் பாதுகாப்புக்குரிய பாடமாயிற்று. மொழி ஆய்வுக்கூடங்களும் ஒலிநாடாக்களும் ஆசிரியர் பயிற்சிகளும் பெருகின. 1949இல் ஏறத்தாழ 14 விழுக்காடாக இருந்த தற்கால மொழி மாணவர் தொகை 1965இல் 26 விழுக்காட்டை எட்டியது. இச்சட்டத்தின் ஆறாம் பிரிவு உதவியால் பென்சில்வேனியா, சிகாகோ முதலிய பல்கலைக்கழகங்களில் தென்னாசிய மொழிக் கல்வி வேரூன்றியது; தமிழும் அவற்றுள் ஒன்று. பாதுகாப்புக் கருதிய நிதி தமிழைப் பல்கலைக்கழகத்துள் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளிக்குள் கொண்டுவரவில்லை.

1959இல் ஜேம்ஸ் கோனன்ட், இரண்டாண்டு மொழிக்கல்வியால் பயனில்லை எனவும், திறன்மிக்க மாணவர் ஒரே மொழியை நான்காண்டு பயில வேண்டும் எனவும், மாணவர் சிலரே ஆயினும் மூன்றாம் நான்காம் ஆண்டு வகுப்புகளைப் பள்ளி நடத்த வேண்டும் எனவும் வலியுறுத்தினார். பரவலாக விற்பனையான ஒலிநாடாப் பாடங்களைவிட அவரது இவ்வறிவுரை குறைவாகவே செவிமடுக்கப்பட்டது. விதிவிலக்காகக் கனெக்டிகட் மாநிலத்தின் கிளாஸ்டன்பரி ஊர்ப் பொதுப் பள்ளிகள் 1950களின் பிற்பகுதியிலிருந்து தொடக்க வகுப்பு முதல் உயர்நிலை இறுதி வரை தொடரும் மொழித் திட்டத்தை அமைத்தன. கேட்டல் பேசல் முறைக்குரிய புகழ்பெற்ற பாடநூல்கள் உருவானதும் அவ்வூரிலேயே. நாடு அவ்வூரின் பாடநூலை வாங்கியது. அவ்வூரின் நெடுங்கால ஏற்பாட்டை வாங்கவில்லை.

1960களின் பிற்பகுதியில் பென்சில்வேனியாப் பொது உயர்நிலைப் பள்ளிகளில் நிகழ்ந்த ஒப்பீட்டாய்வு, மரபுமுறையில் பயின்றோர்க்கும் கேட்டல் பேசல் முறையில் பயின்றோர்க்கும் பெரிய வேறுபாடு இல்லை எனவும், வாசிப்பில் மரபுமுறை மாணவரே முந்தினர் எனவும், மொழி ஆய்வுக்கூடத்தால் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை எனவும் கண்டது. ஆசிரியர் உலகம் அதிர்ந்தது. முடிவை ஏற்க மறுத்தோரும் பலர். இரண்டு முறைகளுக்கும் கிடைத்த நேரம் ஒன்றாக இருக்கையில் விளைவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது என்ற வாசிப்புக்கு அன்று இடம் கிடைக்கவில்லை.

மணிக்கணக்கும் வீட்டுமொழியும்

அமெரிக்க அயலுறவுப் பணி நிறுவனம், ஸ்பானியத்தில் பணித்தகுதி பெற 600 மணிக்குக் குறையாத வகுப்பு வேண்டும் எனக் கணக்கிடுகிறது. தமிழுக்கு ஏறத்தாழ 1100 மணி; அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 2200 மணி. ஆண்டுக்கு 180 நாள், நாளுக்கு 50 நிமிடம் எனக் கொண்டால் பள்ளி மாணவனுக்கு இரண்டாண்டில் கிட்டுவது 300 மணி. தேர்ந்தெடுக்கப்பட்ட முதியோருக்கான கணக்கைப் பள்ளியோடு நேரே ஒப்பிடலாகாது என்பது உண்மையே. எனினும், இடைவெளியின் அளவு புலனாகிறது.

இக்குறைக்கு நடுவே, அம்மணிகளை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்த குழந்தைகள் பள்ளிகளில் இருந்தனர். 1968இன் இருமொழிக் கல்விச் சட்டம் அவர்களை நோக்கியதாயினும், நடைமுறையில் தாய்மொழி பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு ஏறும் படியாகவே கருதப்பட்டது. ஸ்பானியம் பேசிக்கொண்டே பள்ளிக்கு வந்த குழந்தையை அதை மறக்கவிட்டு, பதினான்கு வயதில் அதையே அயல்மொழியாகக் கற்கச் செய்யும் முரண் பல மாவட்டங்களில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் 1998இல் மக்கள் வாக்கெடுப்பு இருமொழி வகுப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2016இல் மற்றொரு வாக்கெடுப்பு அதனை நீக்கியது. இவற்றிடையே 2011இல் அம்மாநிலமே முதலாவதாக இருமொழிப் புலமை முத்திரையைச் சட்டமாக்கியது. பட்டச் சான்றிதழில் பொறிக்கப்படும் இம்முத்திரை, மொழியை எங்கே கற்றார் என்று வினவாமல், என்ன இயலும் என்று சோதிக்கும் வாயிலைத் திறந்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பயின்ற மாணவரும் இவ்வழி முத்திரை பெறுகின்றனர். நூற்றாண்டுக்கு மேலான அலகுக் கணக்கில் விழுந்த முதல் உருப்படியான விரிசல் இதுவே எனலாம். ஆயினும், அப்புலமைக்குரிய மணிகளில் பெரும்பங்கு பள்ளிக்கு வெளியிலிருந்தே வருகிறது.

2017இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, தொடக்கம் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பேர், அதாவது மாணவருள் ஐந்தில் ஒருவர், பிறமொழி பயில்வதாகக் காட்டிற்று. பட்டம் பெறப் பிறமொழி கட்டாயம் என அதில் குறிக்கப்பட்டவை 11 மாநிலங்களே. மிச்சிகனில் அக்கட்டாயத்தின் அளவு இரண்டு அலகு. நியூ ஜெர்சியில் ஓராண்டு.