பென் நெவிசு பனிக்கால மலையேற்றம்

ஆவடி, அம்பத்தூர் இளைஞர்களுக்கு நாகலாபுரம் மலை எப்படியோ, ஸ்காட்லாந்தில் நடைப்பயணம் செல்வோருக்குப் பென் நெவிசு (1,345 மீட்டர்) அப்படி. மேற்குப் பக்கம் நடந்தே உச்சியை அடையலாம். வடகிழக்கு முகமோ செங்குத்துப் பாறை. குளிர்காலத்தில் அதன் இடுக்குகளில் பனி கட்டியாக இறுகிவிடும். பாறையிலும் பனிக்கட்டியிலும் மாறி மாறி ஏறுவதே கலப்பு ஏற்றம்.

1906 ஏப்ரலில் ஹரால்டு ரேபர்ன், சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவருடன் இங்கே ‘கிரீன் கல்லி’ என்னும் இடுக்கில் ஏறினார். பனிக்கோடரியால் ஒவ்வொரு படியாக வெட்டி, அதில் கால் வைத்து ஏறிய காலம் அது. வியப்பு என்னவென்றால், இந்த ஏற்றம் மறக்கப்பட்டது, 1937இல் ஜே. எச். பி. பெல் குழுவினர் ஏறியதே முதலாவது என நெடுநாள் நம்பினர்.

1921இல் டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்ட முதல் எவரெசுட்டுப் பயணத்தில் மலையேறுவோருக்குத் தலைவர் இதே ரேபர்ன்தான். அப்போது வயது 55. வழியில் நோயுற்றுச் சிக்கிமுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர், தேறியதும் மீண்டும் குழுவைத் தேடிச் சென்று சேர்ந்தார்.