செம்மண் சடக்கும் மிதிவண்டியும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பலில் தொடங்கித் தோட்டத்தில் வந்து நிற்பர். கப்பலுக்குப் பெயர் உண்டு. ‘ரஜூலா’ என்னும் பெயர் முதியோர் பலருடைய நினைவில் இன்றும் இருக்கிறது. தோட்டத்துக்கும் பெயர் உண்டு. சித்தியவானைச் சுற்றியுள்ள சுங்கை வாங்கி, ஹண்ட்லி, சொகமானா ஆகிய பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றளவும் சுமந்து நிற்கின்றன. ஆனால் ஒரு தோட்டத்தையும் அடுத்த தோட்டத்தையும் இணைத்துக் கிடந்த செம்மண் சடக்குக்குப் பெயருமில்லை, ஏட்டில் இடமுமில்லை. அச்சடக்கில் மிதிவண்டி ஓடத் தொடங்கிய பிறகு தோட்டத் தமிழரின் வாழ்வு எவ்வாறு மாறியது என்பது தனியே ஆராயத்தக்க செய்தியாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு, சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பின்னர் மேலெழுந்து, மழைநீரால் அரிக்கப்பட்டு, இன்று நெட்டுக்குத்தான குன்றுகளாக நிற்கின்றது. குகைகள் நிறைந்த அக்குன்றுகளுள் ஒன்றின் அடியிலேதான் தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற கல்லுமலை முருகன் கோயில் உள்ளது. குன்றுகளுக்கிடையே ஈயம் கிடைத்தது. மேட்டு நிலங்களிலும், மேற்கே சித்தியவான் வரையுள்ள சமவெளியிலும் ரப்பர் நடப்பட்டது. வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கும் இந்நாட்டில் பாறை சிதைந்து இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணாகிறது. சரளை கலந்த அம்மண்ணை வெட்டிக் கொட்டி இறுக்கினால் வண்டி ஓடும் சடக்கு உருவாகிவிடும். கோடையில் புழுதி, அடைமழையில் சேறு. எனினும் செலவு குறைவு. தோட்ட நிருவாகத்துக்கு வேண்டியதும் அதுவே. பாலும் ரப்பர்த் தகடும் வெளியேறுவதற்கே அவை வெட்டப்பட்டன, மக்கள் வெளியேறுவதற்கன்று.

ரப்பர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றிலேயே மிதிவண்டிக்கு ஒரு பங்கு உண்டு. 1877-ஆம் ஆண்டில் பேரா மாநிலத்தின் கோலகங்சாரில், ஆங்கிலேயப் பிரதிநிதி ஹியூ லோ தம் இல்லத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பல ஆண்டுகள் அவை வேடிக்கைப் பொருளாகவே இருந்தன. காப்பியே அன்று பணப்பயிர். 1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவியது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. மோட்டார் வண்டி பிற்பாடு வந்து அக்கிராக்கியைப் பன்மடங்காக்கியதே தவிர, முதலில் கதவைத் திறந்தது மிதிவண்டிதான். ஆக, எங்கோ சிலர் மிதிவண்டியில் உல்லாசமாகச் சுற்றியதும், தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் கங்காணிமார் ஆள் திரட்டியதும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். அச்சக்கரத்துக்குப் பால் வடித்தவனோ, தோளில் காண்டாக் கம்பும் இருபுறமும் வாளியுமாக நடந்தே சென்றான்.

தோட்டத்துக்குள் மிதிவண்டி முதலில் நுழைந்தது அதிகாரத்தின் அடையாளமாகவே. துரைக்குக் கார், கிராணிக்கு மிதிவண்டி, பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கால். விடியுமுன் பெரட்டுக்கு வரும் தொழிலாளிக்கு, பின்னால் கேட்கும் மணியோசை ஒதுங்கி நிற்கச் சொல்லும் கட்டளையாகவே இருந்தது. இந்நிலை மெல்லத்தான் மாறியது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. சட்டம் நன்று, செயலோ பல இடங்களில் லயத்தின் ஓர் அறையோடு நின்றது. எனினும், அதனால் ஆசிரியர் என்னும் ஒருவர் தோட்டத்தில் தோன்றினார். அவருள் ஒரு மிதிவண்டி வாங்க இயன்றவர் அதன் பின்னிருக்கையில் எதை ஏற்றி வந்தார் என்பதே இங்கு முக்கியம். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய ஏடுகள் பட்டணத்துக் கடைவீதி வரை தாமே வந்துவிடும். அங்கிருந்து லயத்து வாசலுக்குச் சில கல் தொலைவு செம்மண் சடக்கு உண்டு. அத்தொலைவைக் கடந்த ஓர் ஏட்டை ஒருவர் படிக்க, இருபதுபேர் சுற்றியமர்ந்து கேட்டனர். தாளும் மையும் மட்டுமல்ல, சக்கரமும் தமிழ் வளர்த்தது என்றால் மிகையாகாது.

ஏடு மட்டுமா வந்தது? சேலை மூட்டையுடன் துணி வியாபாரி வந்தான். வட்டிக்குக் கொடுத்தவன் சம்பள நாளில் தவறாமல் வந்தான். திருவிழா அழைப்பும், பெண் பார்க்கும் பேச்சும், இழவுச் செய்தியும் அவ்வழியே சென்றன. இழவுச் செய்திக்கு மிதிவண்டி தந்த பயன் பெரிது; உறவினர் வருமுன் பிணத்தை எடுக்கும் நிலை குறைந்தது. ஒரே ஊரிலிருந்து வந்து வெவ்வேறு தோட்டங்களில் சிதறிய குடும்பங்கள், இவ்வாறு மீண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. தோட்டம் தனியார் உடைமை. வெளியாள் நுழைவதை நிருவாகம் தடுக்கலாம். ஆகவே ஒரு மிதிவண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யாரைச் சந்திக்கிறது என்பதைக் கவனிப்பதற்கும் ஆட்கள் இருந்தனர்.

இச்சடக்குகளின் வலிமையைத் தமிழர்க்கு அடுத்தபடி உணர்ந்தது சப்பானியப் படையே. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் இறங்கிய அப்படை, ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகளைக் கொண்டிருந்ததாக அதன் திட்ட அதிகாரி கர்னல் சுஜி பின்னர் எழுதினார். போருக்கு முன்பே சப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டதால், உதிரிப்பாகங்களுக்கும் பஞ்சமில்லை. போதாதவற்றைக் கடைகளிலும் வீடுகளிலும் பறித்துக்கொண்டனர். வெப்பத்தில் சக்கரம் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையைப் பீரங்கி வண்டிகளின் வருகை என எதிரிகள் மயங்கியதும் உண்டாம். நெடுஞ்சாலையைக் காத்து நின்ற பிரித்தானிய, இந்தியப் படைகளை, ரப்பர்த் தோட்டத்துப் பாதைகளின் வழியே பக்கவாட்டில் சுற்றி வளைப்பது அவர்களது உத்தி. கம்பாரில் டிசம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை நான்கு நாள் அரண் உடையாமல் நின்றது. ஆனால் கடல்வழியே வந்த மற்றொரு படை, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கியதும் அங்கிருந்து பின்வாங்க நேர்ந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளையர் வெட்டிய சடக்கே வெள்ளையருக்குப் பகையாயிற்று. ஆனால் முழு விலையைத் தந்தவர் தொழிலாளரே. சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரிகளும் இதே செம்மண்ணில்தான் வந்தன. அவற்றில் ஏறிய தமிழர்களுள் பல்லாயிரவர் மீளவில்லை.

போர் முடிந்தபின் மிதிவண்டி மீண்டும் வரலாற்றில் தலைகாட்டியது. 1948 சூன் 16-ஆம் நாள் காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்ட அலுவலகத்துக்கு மூன்று இளைஞர்கள் மிதிவண்டிகளில் வந்து, மேலாளர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, வந்தவாறே மிதித்துச் சென்றனர். அன்றே அருகிலிருந்த மற்றொரு தோட்டத்தில் இரு வெள்ளையர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அப்போது மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளராயிருந்த சின் பெங் என்னும் ஓங் பூன் ஹுவா, 1924-இல் சித்தியவானில் பிறந்தவர். அவருடைய தந்தை அவ்வூரில் மிதிவண்டிக் கடை நடத்தியவர். சித்தியவான் மக்கள் இதனைப் பெருமையாகவும் சொல்வதில்லை, மறுப்பதுமில்லை.

1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டம் லயங்களை நெருக்கிக் கூட்டி, முள்வேலியிட்டு, ஊரடங்கு விதித்தது. உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. மிதிவண்டியின் குழாய்க்குள்ளும் காற்றடிக்கும் பம்புக்குள்ளும் அரிசி கடத்தப்படும் என்பதால், காவலர் அவற்றைக் கழற்றிப் பார்த்தனர். வேலியின் வாயிலில் வரிசை நின்ற பெண்களின் உடலையும் தடவிச் சோதித்தனர். சோதனையில் பிடிபடாத ஒன்றும் நடந்தது: பல ஆண்டுகளாகத் தோட்டங்களிடையே பின்னப்பட்டிருந்த போக்குவரவு அறுந்தது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டதை ஏடுகள் எழுதின. ஆனால் இந்த அறுபடுதலை யாரும் எழுதவில்லை. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபோது, அறுந்த இழைகளை மீண்டும் முடிச்சிட வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோறும் சென்று பங்கு சேர்த்தார். காக்கப்பட்டவை சில; கைமாறியவை பல. பின்னர் மிதிவண்டி இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. ரப்பரைப் போலச் செம்பனைக்கு ஆள் மிகுதியாகத் தேவையில்லை, லயங்கள் காலியாயின.

2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சரளைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், விடுமுறை நாள்களில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலும் செம்பனை நிரைகளின் நடுவிலும் வருகின்றனர். கையிலுள்ள கருவி அவர்களுக்கு வழி காட்டுகிறது. அதில் இப்பாதைகள் பெயரற்ற மெல்லிய கோடுகள். சில கோடுகள் இரும்புக் கதவில் முடிந்துவிடும். கதவுக்கு அப்பால் கூரையிழந்த லயமும், அதனருகே திருவிழா நாளில் மட்டும் ஆள்கூடும் மாரியம்மன் கோயிலும் இருத்தல் கூடும். எந்தச் சடக்கு எந்தத் தோட்டத்துக்குச் சென்றது, மழைக்காலத்தில் எந்தச் சரிவில் வண்டியை இறங்கித் தள்ள வேண்டும் என்பதை அறிந்தோர் தாமான் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கின்றனர்.