டயர் காட்டிய வழி: பிரான்ஸின் காட்சித் தலங்களும் தேர்வாய்க் கண்டிகையும்

கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்க் கண்டிகை சிப்காட்டில் லாரி, பஸ் டயர் செய்யும் மிச்செலின் ஆலை இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். செவ்வாப்பேட்டை முதல் ஊத்துக்கோட்டை வரை கம்பெனி வேலை தேடும் பிள்ளைகள் வாயில் அடிபடும் பெயர் அது. அதே நிறுவனம்தான் பிரான்ஸில் எந்தக் கோட்டையைப் பார்க்க வேண்டும், எந்த தேவாலயத்துக்காக வண்டியைத் திருப்ப வேண்டும் என்று நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. பிரான்ஸில் ஊர் பார்க்கும் பழக்கம் வளர்ந்த கதையில் கலை ரசனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, சாலைக்கும் சக்கரத்துக்கும் அதைவிடக் கூடுதல் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பட்டியல் போட்டது அரசுதான். 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக அமர்ந்த எழுத்தாளர் புரோஸ்பே மெரிமே, குதிரை வண்டியில் மாகாணம் மாகாணமாகச் சுற்றினார். இடியும் நிலையில் இருந்த வெசலே தேவாலயத்தைக் காப்பாற்றும் பொறுப்பு 1840இல் வியோலெ-லெ-டுக் என்ற இளம் கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது மெரிமேயால்தான். அதே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்களின் முதல் பட்டியல் வெளியானது. ஆனால் பட்டியலில் ஏறிவிட்டதால் மட்டும் ஜனங்கள் வந்துவிடவில்லை. 1843இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கும், 1847இல் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கும் ரயில் போன பிறகுதான் நார்மண்டிக் கடற்கரை பாரிஸ்காரர்களின் விடுமுறை இடமானது. அடோல்ஃப் ஜோவானின் வழிகாட்டி நூல்களும் தண்டவாளத்தை ஒட்டியே எழுதப்பட்டன. நிலையத்துக்கு எட்டாத ஊர் பயணிக்கும் எட்டவில்லை. சென்னை ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா வரை 1856இல் போட்ட பாதையும் அதன் ஓரத்து ஊர்களை இப்படித்தான் பயணிக்கு எட்டவைத்தது. செவ்வாப்பேட்டை ரோடு நிலையம் இன்றும் அந்தத் தடத்தில்தான் நிற்கிறது.

இங்கேதான் டயர் வருகிறது. பிரான்ஸின் நடுப்பகுதியில், எரிமலை மேடுகள் சூழ்ந்த கிளெர்மோன்-ஃபெரானில் ஆந்த்ரே, எதுவார் என்ற மிச்செலின் சகோதரர்கள் 1889இல் ரப்பர் தொழிலில் இறங்கினார்கள். 1891இல் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். 1895இல் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். 1900இல் நாட்டில் கார்களே சில ஆயிரம்தான் இருந்தன. அந்த ஆண்டில் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். அதைப் புரட்டினால் இன்று நாம் நினைக்கும் சுற்றுலா அதில் அதிகம் இல்லை. டயரை எப்படிக் கழற்றுவது, எங்கே பஞ்சர் ஒட்டுவது, எந்த ஊரில் மெக்கானிக், எங்கே பெட்ரோல், எந்த விடுதியில் இரவு தங்கலாம் என்பவைதான் பக்கங்களை நிறைத்தன. கணக்கு எளிது: கார் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு டயர் தேயும். வெளியே போகும் ஆசையையும் தைரியத்தையும் ஓட்டுநருக்கு ஊட்டினால் போதும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊரின் பெயர்ப் பலகையே இல்லாத கிராமங்களுக்குப் பலகை செய்து கொடுத்தார்கள். கேட்டவருக்கு வழித்தடம் எழுதித் தர 1908இல் தனி அலுவலகம் திறந்தார்கள். 1910 முதல் இரண்டு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் சாலை வரைபடம் போட்டார்கள். சாலைகளுக்கு எண் எழுதிவைக்கக் கோரி 1912இல் கையெழுத்து வாங்கி அரசை இணங்கவைத்தார்கள். வோல்விக் எரிமலைக் கல்லில் எனாமல் பூசி, சாலைச் சந்திப்புகளில் கனத்த வழிகாட்டிக் கற்கள் நட்டார்கள். மழையிலும் வெயிலிலும் எழுத்து அழியாத கல் அது. மெரிமேயின் பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்த மாளிகைகளும் மடங்களும் சாதாரணப் பயணியின் கண்ணில் பட்டது, இந்தப் பலகையும் எண்ணும் கல்லும் வந்த பிறகுதான்.

போரும் இதில் புகுந்தது. முதல் உலகப்போர் முடியும் முன்பே, 1917இல், போர்க்களங்களுக்கு வழிகாட்டும் நூல்களை நிறுவனம் வெளியிடத் தொடங்கியது. பிள்ளையை இழந்தவர்கள் அவன் விழுந்த மண்ணைத் தேடிப் போக அந்த நூல்கள் உதவின. அதைச் சுற்றுலா என்று சொல்ல மனம் வரவில்லை. தீர்த்த யாத்திரைக்கு நெருக்கமானது அது. 1926இல் பிரித்தானி வட்டாரத்துக்குத் தனி நூல் வந்தது. பின்னாளில் பச்சை அட்டை வழிகாட்டி என்று பெயர் பெற்ற வரிசைக்கு அதுவே முன்னோடி. ஒரு நட்சத்திரம் என்றால் பார்க்கத்தக்கது, இரண்டு என்றால் சுற்றிக்கொண்டாவது போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம் என்ற வரிசையும் வந்தது. 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை தந்தது. அந்த அரசில் விளையாட்டு, ஓய்வுநேரத் துறையைக் கவனித்த லியோ லக்ராஞ்ச் சலுகை ரயில் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்தார். கார் வைத்திருந்தவர்கள் கண்ட கடலை ஆலைத் தொழிலாளியும் பார்த்தது அந்தக் கோடையில்தான். 1944இல் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்கப் படைக்கு, 1939ஆம் ஆண்டு மிச்செலின் வழிகாட்டியை வாஷிங்டனில் மறுபதிப்பு செய்து கொடுத்தார்கள். நகரத் தெருக்களுக்கு அவ்வளவு நம்பகமான வரைபடம் வேறு கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் இப்படியொரு வழிக்குறிப்பு மரபு இருந்தது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830-31இல் காசிக்குப் போய்வந்து தெலுங்கில் எழுதிய யாத்திரை நூலில் எந்த ஊரில் சத்திரம், எங்கே தண்ணீர், எங்கே கடை, பாதை எப்படி என்று இடம் இடமாகக் குறித்திருக்கிறார். பிரெஞ்சுப் புத்தகத்துக்கு எழுபது ஆண்டு மூத்தது. அதைத் தொடர்ந்து புதுப்பிக்க ஒரு நிறுவனமோ அரசோ நமக்கு வாய்க்கவில்லை. இழப்பு அங்கேதான்.

2009இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு மிச்செலின் நிறுவனம் தேர்வாய்க்கு வந்தது. 2010களின் தொடக்கத்தில் சென்னைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பச்சை வழிகாட்டியையும் வெளியிட்டது. ஆலை வந்த கதையில் ஊராரின் குரலும் உண்டு. சிப்காட்டுக்குப் போன நிலம் மாடு மேய்ந்த மேய்க்கால் என்றும், ஏரிகளுக்கு நீர் தந்த காடு என்றும் சொல்லி, பெரும்பாலும் தலித் மக்களான ஊரார் போராடினார்கள். 2012இல் பிரெஞ்சுத் தொழிற்சங்கமான சிஜிடியும் சில அமைப்புகளும் தமிழக அமைப்புகளோடு சேர்ந்து பாரிஸில் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) தொடர்பு மையம் வரை அந்தப் புகாரைக் கொண்டுபோயின. ஒரு நிலத்தைப் பார்க்கத்தக்கதாகக் காட்டத் தெரிந்தவர்கள், இன்னொரு நிலத்தில் வாழ்பவர்களின் பார்வையையும் கேட்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கென்று தனி வழிகாட்டி எழுதப்படும் நாளில், அதில் மூன்று நட்சத்திரம் அத்திரம்பாக்கத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பேன். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு தலைமையில் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இடம்பெற்ற குழு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தது. பக்கத்தில் பூண்டியில் அரசின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கினால் அங்கிருந்து பஸ்ஸில் பூண்டிக்குப் போய்விடலாம்.