பாலையில் விளைந்த பயறு

நான் பௌதிகம் கற்பிப்பவன். இந்தக் கட்டுரையில் வரும் மக்களின் பெயரை முதன்முதலாக நான் படித்தது உழவு நூலில் அன்று. தொலைநோக்கிகளைப் பற்றிய ஒரு நூலில்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் சிகரம் என்னும் மலை இருக்கிறது. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அதன் உச்சியில் வானாய்வு நிலையம் அமைக்க விரும்பிய விஞ்ஞானிகள், அம்மலைக்கு உரிமையுடைய பழங்குடிப் பெரியோர்களை 1955-ல் டூசான் நகருக்கு அழைத்துத் தொலைநோக்கி வழியே நிலவைக் காட்டினார்கள். 1958-ல் மலையுச்சி குத்தகைக்குக் கிடைத்தது. வானியலாருக்கு அம்மக்கள் வைத்த பெயர் 'நெடுங்கண் மனிதர்கள்'!

அந்த மக்கள் தொஹோனோ ஓதாம் எனப்படுவோர். அவர்கள் மொழியில் 'தொஹோனோ' என்றால் பாலை. 'ஓதாம்' என்றால் மக்கள். ஸ்பானியர் காலத்திலிருந்து மற்றவர்கள் இவர்களைப் 'பாப்பகோ' என்று அழைத்து வந்தார்கள். பயறு தின்போர் என்பது அதன் பொருள் என்று சொல்லப்படுவதுண்டு. 1986-ல் இவர்கள் அப்பெயரை விலக்கித் தம் சொந்தப் பெயரையே அதிகாரப்பூர்வமாக்கிக் கொண்டார்கள்.

இவர்கள் வாழும் சொனோராப் பாலைவனத்தில் ஆண்டு மழை சுமார் 25 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி, ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இவர்கள் நிலத்தில் இல்லை. அப்படியானால் மக்காச்சோளமும் பயறும் பூசணியும் எப்படி விளைந்தன? நீங்களும் நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஹெக்டேர் வயலில் 2 செ.மீ. மழை பெய்கிறது. இது போதாது. ஆனால் அவ்வயலுக்கு மேலே 20 ஹெக்டேர் பாறைச் சரிவு இருக்கிறது என்று கொள்வோம். அங்கும் அதே 2 செ.மீ. மழைதான். அந்நீரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வழிந்து வயலுக்கு வந்தாலும் 4 செ.மீ. கூடுதலாகிறது. ஆக, வயல் பெறுவது 6 செ.மீ. மழை மும்மடங்காகிவிட்டது! எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, முறை அவர்களுடையது.

மலையிலிருந்து இறங்கும் காட்டாறு சமவெளியை அடைந்ததும் வேகம் குறைந்து விரிந்து மணலில் மறைகிறது அல்லவா? அந்த இடத்தின் பெயர் 'அக்சின்'. வயல் அங்கேதான். வெள்ளம் ஒரே இடத்தில் அரித்துக்கொண்டு போகாமல் பரவுவதற்காகக் கிளைகளையும் செத்தைகளையும் கொண்டு சிறு தடுப்புகள் கட்டினார்கள். வேகம் தணிந்த நீர் தன்னோடு கொண்டுவந்த வண்டலையும் மட்கிய இலைகளையும் வயலில் விட்டுச் செல்லும். எருவும் வந்து சேர்ந்தது. முதல் வெள்ளம் வடிந்ததும், ஈர மண்ணில் கூர்மையான குச்சியால் குழியிட்டு விதைப்பார்கள். கோடையில் வயலருகே குடியிருப்பு. குளிர்காலத்தில் மலையடிவார ஊற்றுகளருகே குடியிருப்பு. இரண்டு ஊர், ஒரு குடும்பம்.

விதைத்த பயற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டெப்பாரி என்பது அதன் பெயர். வெள்ளை, பழுப்பு நிறங்களில், மொச்சையைவிடச் சிறியதாக இருக்கும். இரண்டு இரண்டரை மாதத்தில் காய்த்து முடிந்துவிடும். வேர் ஆழமாக இறங்கும். வெயில் ஏறும்போது இலைகளைச் சூரியக் கதிருக்கு ஏறக்குறைய இணையாகத் திருப்பிக்கொள்ளும். இதன் பயன் பௌதிக மாணவர்களுக்கு உடனே விளங்கும். கதிரை நேர்முகமாக வாங்கும் இலையை 60 பாகை சாய்த்தால் அதன்மேல் விழும் ஆற்றல் பாதியாகிவிடுகிறது. வெப்பமும் குறைகிறது, நீரிழப்பும் குறைகிறது. நீரை மிகுதியாகப் பாய்ச்சினால் இச்செடி இலையாகத் தழைத்து, காய்ப்பதில் குறைந்துவிடும்!

வயல் பொய்த்தாலும் காடு கைவிடவில்லை. ஜூன் இறுதியில் சகுவாரோ என்னும் மாபெரும் கள்ளியின் பழங்களை நீண்ட கழியால் பறித்துப் பாகு காய்ச்சினார்கள். அதைப் புளிக்கவைத்த மதுவைப் பருகி மழையை வேண்டுவது அவர்களுடைய புத்தாண்டுச் சடங்கு. மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்கினார்கள். (நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு இம்மரம். நாம் அதை வெட்டுவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.)

இந்த ஏற்பாடு எப்படிக் குலைந்தது? 1853-ல் கையெழுத்தான உடன்படிக்கையின் பின் இவர்கள் நாட்டின் நடுவே அமெரிக்க–மெக்சிகோ எல்லை விழுந்தது. குழந்தைகள் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரியவர்கள் கூலிக்குப் பருத்தி பறிக்கப் போனார்கள். இரண்டாம் உலகப் போர் இளைஞர்களை அழைத்துக்கொண்டது. மழை வந்தபோது வயலில் ஆள் இல்லை! டூசானையொட்டிய பகுதியில் இறைப்பு இயந்திரங்கள் நிலத்தடி நீரைக் கீழே இறக்கிவிட, சாந்தா குரூஸ் ஆற்றங்கரையின் மெஸ்கீட் தோப்புகள் பட்டுப்போயின. அரசு வழங்கிய வெள்ளை மாவும் கொழுப்பும் சர்க்கரையும் பயற்றின் இடத்தைப் பிடித்தன.

விளைவு உடலில் தெரிந்தது. 1940-ல் ஜாஸ்லின் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், அரிசோனாப் பழங்குடியினரிடம் நீரிழிவு மற்ற அமெரிக்கரைவிட மிகுதியாக இல்லை என்று எழுதினார். 1960-களின் நடுவில் தொடங்கிய ஆய்வுகளோ, இவர்களின் உறவினரான ஹிலா ஆற்றுப் பிமா மக்களிடம் அந்நோய் மிகப் பெருகியிருப்பதைக் கண்டன. பரம்பரைதான் காரணமா? 2006-ல் வெளியான ஓர் ஒப்பீடு இதற்கு விடை தேடியது. மெக்சிகோ மலையில் உழைத்து, பழைய உணவு உண்டு வாழும் பிமா மக்களில் நீரிழிவு 6.9 விழுக்காடு. அரிசோனாவில் வாழும் பிமா மக்களில் 38 விழுக்காடு. வழித்தோன்றலில் நெருங்கியவர்கள், வாழ்க்கை வேறு. டெப்பாரி, மெஸ்கீட் போன்ற உணவுகள் இரத்தச் சர்க்கரையை மெல்லவே ஏற்றுகின்றன என்பதும் 1990-ல் வெளியான ஆய்வில் காணப்பட்டது. ஆயினும் பயற்றை மருந்தென்று விற்பவர்களை நான் நம்பமாட்டேன். அந்த மலைவாழ் மக்கள் நாள்முழுதும் உழைப்பவர்கள் என்பதை மறக்கலாகாது.

நீருக்கான வழக்கு நெடுநாள் நடந்தது. 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி இம்மக்களின் உரிமையை ஒப்புக்கொண்டது; 2004-ல் மற்றொரு சட்டம் மிச்சத் தகராறுகளைத் தீர்த்தது. இடையில் 1983-ல் டூசானில் ஒரு விதைக் காப்பு நிறுவனம் தோன்றியது. காய்கறித் தோட்டம் போட உதவ வந்தவர்களிடம் முதியோர், தங்கள் பாட்டன் பாட்டிகள் பயிரிட்ட விதைகளே வேண்டும் என்று கேட்டதுதான் அதற்குத் தூண்டுதல்.

டூசானை ஒட்டிய சான் சேவியர் பகுதியில் இன்று கூட்டுறவுப் பண்ணை ஒன்று டெப்பாரியைப் பயிரிடுகிறது. அங்கே வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றின் நீர் கால்வாயில் வந்து சேர்கிறது. எனினும் மதகை அளவோடுதான் திறக்க வேண்டும். திறந்தே விட்டால் பயறு கிடைக்காது, இலைதான் கிடைக்கும்.