சாயமும் சுவடியும்: ஒரு வேதியியலாளரின் இரு பணிகள்

வெலிங்டன் தீவில் தங்கி ஆய்வேடு எழுதிவரும் எனக்குத் தமிழ் நூலகம் எட்டும் தொலைவில் இல்லை. பழைய நூல் எதைத் தேடினாலும் முதலில் திறப்பது மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பையே. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று அத்திட்டத்தைத் தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் தமிழ்த்துறையினர் அல்லர். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய ஒளிவேதியியலாளர். அவருடைய துறையின் வரலாறு நம்மவர் அறிய வேண்டிய ஒன்று.

சிலிக்கன் மின்கலத்தில் ஒளி பட்டவுடன் எலெக்ட்ரானும் துளையும் தனித்தனியே நகரத் தொடங்குகின்றன. சாயங்களிலும் கரிமப் பொருள்களிலும் அவை ஒன்றையொன்று ஈர்த்தபடி இணையாகவே இருக்கின்றன. அவ்விணையே எக்ஸைட்டான். இக்கருத்தை 1931இல் முன்வைத்தவர் சோவியத் இயற்பியலாளர் யாக்கொவ் ஃப்ரெங்கெல். இவ்விணை பெரும்பாலும் 10 நானோமீட்டர் அளவே நகர்ந்து அழிந்துவிடும். அதற்குள் வேறொரு பொருளின் எல்லையை அடைந்தால்தான் அது பிரிந்து மின்னோட்டம் தரும்.

இச்சிக்கலுக்கு இரு விடைகள் கிடைத்தன. 1986இல் கோடாக் நிறுவன ஆய்வாளர் சிங் டாங், இரு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஏறத்தாழ 1 விழுக்காட்டுத் திறனை எட்டினார். 1991இல் லொசானில் பிரையன் ஓ'ரீகனும் மிகையேல் கிரெட்செலும் எல்லைப் பரப்பையே பெருக்கினர். டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகள்களாலான 10 மைக்ரோமீட்டர் படலத்தில், துகள்தோறும் ருத்தேனியச் சாயத்தை ஒரு மூலக்கூற்றுத் தடிமனில் பூசினர். அங்கு எக்ஸைட்டான் எல்லையைத் தேடி அலைய வேண்டியதில்லை, எல்லையிலேயே பிறக்கிறது. திறன் 7 விழுக்காட்டைக் கடந்தது. 2003இல் பிரையன் கிரெக் இவ்விரு வகைகளையும் 'எக்ஸைட்டான் சூரிய மின்கலங்கள்' என ஒரே பெயரின்கீழ்த் தொகுத்தார்.

கிரெட்செலின் நெடுங்கால உடனுழைப்பாளரான கல்யாணசுந்தரம், இத்தகைய சாயச் சேர்மங்களின் ஒளிவேதியியலை 1992இல் தனி நூலாகத் தொகுத்தார். அவற்றின் பயன்பாடுகள் குறித்து இருவரும் எழுதிய விரிவான மதிப்பாய்வுக் கட்டுரை 1998இல் வெளிவந்தது. மதுரைத் திட்டம் தொடங்கிய ஆண்டும் அதுவே. சாய மின்கலங்கள் பற்றி அவர் பதிப்பித்த நூல் 2010இல் வந்தது.

வேதியியல் மாணவர் அவரைக் கட்டுரைகளின் வழியே அறிகின்றனர். தமிழ் மாணவராகிய நாமோ பல நேரங்களில் பெயரைக்கூடக் குறிப்பதில்லை. மின்பதிப்பில் படித்துவிட்டு அச்சுப்பதிப்பை மட்டும் அடிக்குறிப்பில் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் அவ்வாறே செய்திருக்கிறேன். அவரும், அவருடன் தட்டச்சும் மெய்ப்பும் பார்த்த தன்னார்வலரும் செய்த உழைப்பு அதனால் மறைந்துபோகிறது. எங்கே படித்தோமோ அதையே சுட்டுவதுதான் ஆய்வு நேர்மை. என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளை இவ்வாரம் திருத்தத் தொடங்கியிருக்கிறேன்.