அத்தாபெக்: தகப்பன் முறை கொண்டாடி நாட்டை வாங்கியவர்கள்

பன்னிரண்டாம் நூற்றாண்டு மேற்காசிய வரலாற்றில் மோசுல், டமாஸ்கஸ், ஷிராஸ் என்று ஊருக்கு ஊர் ஓர் அத்தாபெக் உட்கார்ந்திருப்பார். சுல்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். வரி வசூலும் படையும் அவர் கையில்.

துருக்கிய மொழியில் 'அத்தா' தகப்பன், 'பெக்' தலைவன். 1072இல் பதின்வயதில் பட்டமேறிய செல்ஜூக் சுல்தான் மாலிக் ஷா, அமைச்சர் நிஜாமுல் முல்க்குக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். அவரோ பாரசீகர். அன்று அது வெறும் மரியாதைச் சொல்.

செல்ஜூக்குகளுக்கு நாடு குடும்பச் சொத்து. சின்னஞ்சிறு இளவரசனுக்கும் ஒரு மாகாணம் பங்காகக் கிடைக்கும். துணைக்கு ஒரு தளபதி போவார். பையனின் தகப்பன் இறந்துவிட்டால் தாயை அந்தத் தளபதியே மணப்பதும் உண்டு. டமாஸ்கஸில் துக்தெகின் அப்படித்தான் இளவரசர் துகாக்கின் தாயை மணந்தார். 1104இல் துகாக் இறந்ததும் அவருடைய கைக்குழந்தையை அரியணையில் வைத்தார்; விரைவிலேயே ஆட்சி முழுவதும் தம்முடையதாயிற்று. பிள்ளை வளர்க்க வந்தவர் தம் பிள்ளை பூரிக்கு நாட்டை விட்டுப்போனார்!

மோசுலில் ஸெங்கி கதையும் இதே. 1127இல் சுல்தானின் மகனுக்குக் காவலராக வந்தவர், 1144இல் சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து எடெஸ்ஸாவைப் பிடித்துப் புகழ்பெற்றார். அந்த இளவரசனை இன்று யாருக்குத் தெரியும்? ஆனால் வினை திரும்பியது. ஸெங்கி வம்சத்துச் சிறுவர்களுக்கு அத்தாபெக்காக வந்த முன்னாள் அடிமை பத்ருத்தீன் லூலூ, 1230களில் அந்த வம்சத்தையே முடித்துவைத்தார்.

வளர்க்கப் பிள்ளை இல்லாதபோதும் பட்டம் நிலைத்தது. ஷிராஸில் கவிஞர் ஸஅதியை ஆதரித்த சல்குரிகள் பரம்பரையாக அத்தாபெக்குகள். கெய்ரோவில் அது படைத்தலைவர் பதவி. அதிலிருந்த பர்கூக் 1382இல் சிறுவன் சுல்தானை இறக்கிவிட்டுத் தாமே ஏறினார். கிறித்தவ ஜார்ஜியாவும் சொல்லை எடுத்துக்கொண்டது. அங்கே சம்த்ஸ்கே பகுதிக்கு 'சாஅத்தபாகோ', அதாவது அத்தாபெக்கின் நாடு, என்றே பெயர் விழுந்தது.

தமிழகத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை 'அத்தா' என்று கூப்பிடுவதைத் துருக்கியோடு முடிச்சுப்போடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. துருக்கியர் டெல்லியை ஆளவந்ததற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுந்தரர் சிவனை 'அத்தா' என்று விளித்துவிட்டார். நம் அத்தா நம்முடையவர்தான்.